இருவர், ஒரு கூடாரம், ஒரு மலைச்சாலை

சிம்லாவிலிருந்து திபெத் எல்லையை நோக்கிச் செல்லும் பாதைக்கு இந்துஸ்தான் - திபெத் சாலை என்பது பழைய பெயர். 1850-களில், டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், சுமை விலங்குகளும் கால்நடைப் பயணிகளும் செல்லத்தக்க வழியாக அதன் பணி தொடங்கியது. இன்று அது தேசிய நெடுஞ்சாலை 5. நார்க்கண்டா, ராம்பூர் ஆகிய ஊர்களைக் கடந்து, சட்லெஜ் ஆற்றின் பள்ளத்தாக்கினூடே கின்னோர் மாவட்டத்திற்குள் நுழைகிறது. காப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜுடன் கலக்கிறது. அங்கிருந்து ஸ்பிதி ஆற்றைத் தொடர்ந்து மேலேறும் கிளைச்சாலை தேசிய நெடுஞ்சாலை 505. தேவதாரு மரங்களும் ஆப்பிள் தோட்டங்களும் படிப்படியாக மறைந்து, மரமே இல்லாத குளிர்ப் பாலைவனமாக நிலம் மாறுவதை இந்தச் சாலையில் இரண்டே நாட்களில் கண்ணால் காணலாம்.

பணியிட மாற்றத்தில் சண்டிகருக்கு வந்த நாள் முதல் இந்தச் சாலை என் எண்ணத்தில் இருந்தது. என் கணவர் வீட்டிலிருந்தே பணிபுரியும் பொறியாளர். திருமணமாகி இருபது ஆண்டுகள் நிறைவடையும் செப்டம்பர் மாதத்தில், எங்கள் சிறிய காரிலேயே, கூடாரத்தை ஏற்றிக்கொண்டு இருவருமாகச் சென்று வருவதென்று தீர்மானித்தோம். பதினான்கு நாட்கள், ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். வாடிக்கையாளர்களுள் பலரும் இத்தகைய பயணத்தை விரும்புவர் என்பதால், எங்கள் அனுபவத்தையும் அதன் கணக்கையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பணமும் பருவமும்

இப்பயணத்திற்கென இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கியிருந்தோம். மாதம் 3,000 ரூபாய் வீதம் 24 மாதங்கள். முதிர்வின்போது வட்டியுடன் ஏறக்குறைய 77,000 ரூபாய் கைக்கு வந்தது. கடன் அட்டையில் செலவழித்துவிட்டுப் பின்னர் தவணை கட்டும் பயணத்திற்கும், முன்கூட்டியே சேமித்துச் செல்லும் பயணத்திற்கும் உள்ள வேறுபாடு வட்டி மட்டுமன்று. சேமித்த பணம் கையில் இருக்கும்போது, வழியில் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் துணிவும் உடன் இருக்கிறது. அதன் அருமையை நாங்கள் ஸ்பிதியில் உணர்ந்தோம்.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியமானது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கின்னோர் சாலையில் மண்சரிவுகள் மிகுதி. ஸ்பிதி மழைமறைவுப் பகுதி எனினும், அங்கே செல்லும் வழி மழைக்கு உட்பட்டதே. அக்டோபருக்குப் பின் குன்சும் கணவாயைப் பனி மூடத் தொடங்கும். அதற்கு மறுபுறம் உள்ள மணாலி வழி கோடை தொடங்கும் வரை அடைபட்டிருக்கும். ஆகவே செப்டம்பரின் பிற்பாதி ஏற்ற காலம். கின்னோரில் ஆப்பிள் அறுவடையும் அப்போதுதான் நடக்கிறது. பெட்டிகளை ஏற்றிய லாரிகள் எதிரே வரும்போது, குறுகிய வளைவுகளில் கீழிறங்கும் வண்டி நின்று, மேலேறும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை மரபு.

கூடாரம் எங்கே அடிக்கலாம்?

மலையில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி, தேசியப் பூங்காவினுள் நுழைவதற்கே வனத்துறையின் அனுமதி வேண்டும்; அதனுள் குறிக்கப்பட்ட முகாமிடங்களில் மட்டுமே இரவு தங்கலாம். பூங்காவிற்கு வெளியேயும் ஊராரின் மேய்ச்சல் நிலமாகவோ, ஆற்றின் வெள்ளப் பாதையாகவோ இல்லாத இடத்தைப் பார்த்து, உரியவரிடம் கேட்டபின் தங்குவதே முறை. நாங்கள் பெரும்பாலும் விருந்தினரை ஏற்கும் வீடுகளின் முற்றத்தில் கூடாரம் அடித்தோம். ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு அவர்கள் கழிப்பறையையும் சூடான உணவையும் தந்தார்கள்.

அடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குளிர் தாளாமல் கூடாரத்தை இறுக மூடி, உள்ளே எரிவாயு அடுப்பையோ கரி அடுப்பையோ எரிப்பது உயிருக்கு ஆபத்து. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவர் விழித்தெழ வாய்ப்பின்றியே மயங்கிவிடுவார். அடுப்பை வெளியே வைத்தே சமைக்க வேண்டும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 4,000 மீட்டரில் அது ஏறக்குறைய 87 டிகிரி செல்சியஸ். அரிசியும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் எளிதில் வேகா. சிறிய பிரஷர் குக்கர் ஒன்றை எடுத்துச் சென்றதால் பாஸ்பா ஆற்றங்கரையிலும் எங்களுக்குச் சாம்பார் சாதம் கிடைத்தது.

உயரத்தின் கணக்கு

இவ்வழியைத் திட்டமிடும்போது தொலைவைவிட உயரத்தையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும். மலையேற்ற மருத்துவம் பொதுவாகக் கூறும் நெறி இது. மணாலி வழியாக ஒரே நாளில் ஸ்பிதியை அடைவதைவிடக் கின்னோர் வழியாகச் செல்வது உடலுக்கு இணக்கமானது என்பதற்கும் இதுவே காரணம்.

அதன்படியே இரவுகளை அமைத்தோம். நார்க்கண்டாவில் 2,700 மீட்டர். பின்னர் சாங்லா பள்ளத்தாக்கு. அதன் கோடியில், சுமார் 3,450 மீட்டரில் உள்ள சித்குல் கிராமத்தில் முதற்கூடாரம். அங்கிருந்து கீழிறங்கி, கின்னர் கைலாச மலைத்தொடரை எதிரே காட்டும் கல்பாவில் ஓரிரவு. அடுத்து 3,280 மீட்டரில் உள்ள தாபோ. கி.பி. 996-இல் நிறுவப்பட்ட பௌத்த மடாலயம் அங்கே மண்சுவர்களோடு இன்றும் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எளிய மண்வீடுகள் போலத் தோன்றும் அக்கோயில்களின் உட்சுவர்கள் முழுவதும் ஓவியங்கள். ஆயிரம் ஆண்டு வண்ணங்களைக் காக்கும் பொருட்டு உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. கையில் சிறு விளக்குடன் அரையிருட்டில் மெல்ல நடந்து பார்த்தோம்.

தாபோவிலிருந்து காசாவுக்கு வந்து, சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இரண்டு இரவுகள் தங்கினோம். காசா ஸ்பிதியின் தலைமை ஊர். பெட்ரோல் நிலையம், அரசு மருத்துவமனை, கடைத்தெரு, ஏ.டி.எம். ஆகியவை அங்கே உண்டு. எனினும் தொலைத்தொடர்பு தடைபட்டால் ஏ.டி.எம்.மும் நிற்கும், யு.பி.ஐ.யும் நிற்கும். சிம்லாவைத் தாண்டுமுன்பே நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாகப் போதிய ரொக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

பின் பள்ளத்தாக்கு

காசாவுக்குச் சற்று முன்பாகவே ஸ்பிதி ஆற்றுடன் பின் என்னும் ஆறு வந்து சேர்கிறது. அந்த ஆற்றின் பெயரையே கொண்ட பின் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா 1987-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 675 சதுர கிலோமீட்டர். பனிச்சிறுத்தையும் ஐபெக்ஸ் என்னும் வளைகொம்புக் காட்டு ஆடும் வாழும் நிலம் அது. தென்னாட்டுக் காடுகளுக்குப் பழகிய கண்களுக்கு அதைத் தேசியப் பூங்கா என்று நம்புவதே கடினம். மரம் இல்லை, நிழல் இல்லை. ஊதாவும் செம்பழுப்பும் சாம்பலுமாக மடிப்பு மடிப்பாக நிற்கும் பாறைச்சரிவுகள். அவற்றுக்கிடையே ஆற்றங்கரையில் பட்டாணி, வாற்கோதுமை வயல்கள்.

சாலை முடியும் முத் கிராமத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் கூடாரம் அடித்தோம். பனிச்சிறுத்தையைக் காணும் நம்பிக்கையுடன் நாங்கள் செல்லவில்லை. கோடையில் அது மிக உயரத்திற்குச் சென்றுவிடும். மாலையில் எதிர்ச்சரிவில் கற்கள் உருளும் ஓசை கேட்டது. மூதாட்டி தொலைநோக்கியை வாங்கி ஓரிடத்தில் நிறுத்திக் கொடுத்தார். பாறையின் நிறத்திலேயே ஏழு ஐபெக்ஸ் ஆடுகள், வரிசையாக. என் கணவர் வழக்கத்திற்கு மாறாகச் சீக்கிரமே உறங்கச் சென்றார். வண்டி ஓட்டிய களைப்பென்று கூறினார்.

கிப்பரில் ஓர் இரவு

மறுநாள் கீ மடாலயத்தைப் பார்த்துவிட்டு, சுமார் 4,200 மீட்டரில் அமைந்த கிப்பர் கிராமத்தை அடைந்தோம். முத் கிராமத்தைவிட ஏறத்தாழ 430 மீட்டர் உயரம், நெறிக்குள்தான் இருந்தது. அதற்கடுத்த நாள் குன்சும் கணவாயைக் கடந்து, சந்திரதால் ஏரியருகே இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டம். ஏறக்குறைய 4,300 மீட்டரில், பிறைநிலா வடிவில் அமைந்த அந்த ஏரி 2005-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கத் தடை உண்டு. சற்றுத் தொலைவில் உள்ள முகாமில்தான் தங்க வேண்டும். அம்முகாமுக்கு 5,000 ரூபாய் முன்பணம் செலுத்தியிருந்தோம். பயணத்தின் உச்சம் அதுவே என்று நான்கு ஆண்டுகளாகப் பேசி வந்திருந்தோம்.

இரவு உணவை என் கணவர் தொடவில்லை. நள்ளிரவுக்குப் பின் கூடாரத்திற்கு வெளியே சென்று வாந்தி எடுத்தார். திரும்பி வந்து, தலையைக் கைகளால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, தலைவலி எப்போதிலிருந்து?" என்று கேட்டேன்.

"முத் கிராமத்திலிருந்தே இருக்கிறது. சொன்னால் நீ பயணத்தை நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன்" என்றார்.

4,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைகிறது. தலைவலி, பசியின்மை, வாந்தி, தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் தொடக்க அறிகுறிகள். வயது, உடல்வலிமை, உடற்பயிற்சிப் பழக்கம் ஆகியவற்றை வைத்து அது யாருக்கு வரும் என்று கூற இயலாது. நெறிகளைப் பின்பற்றினாலும் சிலருக்கு வரக்கூடும். அறிகுறியோடு மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரிழப்பு நேரலாம். நடையில் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, ஓய்விலும் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்றும் பாராமல் உடனே கீழிறங்க வேண்டும்.

அவரைக் கூடாரத்திற்கு வெளியே ஒரு நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்தேன். தள்ளாட்டம் இல்லை. பேச்சும் தெளிவாக இருந்தது. இருட்டில் அந்தச் சாலையில் இறங்குவதா, விடியும் வரை காத்திருப்பதா என்று எண்ணினேன். மணிக்கு ஒருமுறை அவரை எழுப்பிப் பேச வைத்தவாறே உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் கூடாரத்தைப் பிரிக்காமல் அந்த வீட்டாரிடமே ஒப்படைத்துவிட்டு, நானே வண்டியை எடுத்தேன். அதுவரை மலைச்சாலையில் அவர்தான் ஓட்டினார். காசாவுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் "மெதுவாக" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கீ மடாலயத்தைத் தாண்டியபின் உறங்கிவிட்டார். உறக்கமா மயக்கமா என்று அறிய இருமுறை வண்டியை நிறுத்தி அவரை எழுப்பினேன்.

காசா அரசு மருத்துவமனையில் விரலில் கருவியை மாட்டிப் பிராணவாயு அளவைப் பார்த்தார்கள். நுரையீரலைச் சோதித்தார்கள், நீர் இல்லை. சில மணி நேரம் பிராணவாயு செலுத்தி, மருந்து கொடுத்தார்கள். அறிகுறிகள் முற்றிலும் நீங்கும் வரை மேலே ஏறவே கூடாது என்று மருத்துவர் திட்டமாகக் கூறினார். மாலைக்குள் அவர் ஒரு கிண்ணம் துக்பா சூப் குடித்தார். கிப்பர் வீட்டார் அன்றே ஊர் வண்டி ஒன்றில் எங்கள் கூடாரத்தைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். வண்டிக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

போன பணமும் வரும் வழியும்

இரண்டு நாட்களில் அவர் தேறிவிட்டார். தலைவலி இல்லை, படியேறினால் மூச்சு வாங்கவில்லை. அப்போது எழுந்தது உண்மையான கேள்வி. 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து சந்திரதால் செல்வதா, வந்த வழியே திரும்புவதா?

செல்லலாம் என்பது அவர் கட்சி. முன்பணம் திரும்ப வராது. இத்தனை தூரம் வந்தாயிற்று. மறுபடி எப்போது விடுப்பு அமையும்? ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றியது. ஆனால் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலையில் இந்த வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இத்தனை போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் போட்டால் தேறிவிடும் என்பார்கள். ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம், எந்த வழியில் சென்றாலும் திரும்பப் போவதில்லை. அடுத்த முடிவுக்கு அதைக் காரணமாக்குவது கணக்கியலுக்கே ஒவ்வாதது. சந்திரதாலில் மருத்துவமனை இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. அங்கே இரவில் மீண்டும் அறிகுறி தோன்றினால், எந்தத் திசையில் சென்றாலும் நெடுந்தொலைவு கரடுமுரடான பாதை. இவற்றை ஒரு தாளில் இருபத்தியாக எழுதி அவர் முன் வைத்தேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு வரைபடத்தை விரித்து, "ஜலோரி கணவாய் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

சுமார் 3,100 மீட்டர். ராம்பூருக்குக் கீழே சட்லெஜைக் கடந்து, ஆனி வழியாக ஜலோரி கணவாயில் ஏறி, பஞ்சார் வழியே தீர்த்தன் பள்ளத்தாக்கை அடைய ஒரு சாலை உண்டு. எங்கள் திட்டத்தின் இறுதிப் பகுதியான பெரும் இமாலயத் தேசியப் பூங்காவை மணாலி வழியாக அன்றி இவ்வழியாகவும் எட்டலாம். நாங்கள் கையில் வைத்திருந்த இரண்டு கூடுதல் நாட்கள் காசாவிலேயே செலவாகிவிட்டன. சந்திரதாலுக்கான இரண்டு நாட்கள் இந்தச் சுற்றுவழிக்குப் பயன்பட்டன.

தீர்த்தன் கரையில்

பெரும் இமாலயத் தேசியப் பூங்கா 1999-இல் முறைப்படி அறிவிக்கப்பட்டது. பரப்பு 754 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2014-இல் யுனெஸ்கோ இதனையும் அடுத்துள்ள காப்பகப் பகுதிகளையும் உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. இமாசலத்தின் மாநிலப் பறவையான ஜுஜுரானா என்னும் மேற்கத்திய டிராகோபன், மோனால், கத்தூரி மான், பழுப்புக் கரடி ஆகியவை இங்கே வாழ்கின்றன. பூங்காவினுள் வாகனச் சாலை கிடையாது. கால்நடையாகவே செல்ல வேண்டும். அனுமதிச்சீட்டைப் பூங்கா அலுவலகத்தில் பெற்று, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் குஷைனியிலிருந்து ஆற்றோரமாக நடந்தோம். எட்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்தால் ரோல்லா என்னும் முகாமிடம்.

ஸ்பிதியின் வறண்ட பாறைகளைக் கண்ட கண்களுக்கு இந்தப் பச்சை புதிதாகத் தோன்றியது. ஓக் மரங்களும் தேவதாருவும் வாதுமையும் ஆற்றின் இருபுறமும் அடர்ந்திருந்தன. என் கணவர் தம் சுமையைத் தாமே தூக்கி நடந்தார். முகாமை அடைந்ததும் குக்கரில் அரிசி வைத்தார். இந்த உயரத்தில் நான்கு விசில் போதுமா, ஆறு வேண்டுமா என்று வழிகாட்டியிடம் ஆலோசனையும் கேட்டார். இரு இரவுகள் அங்கே உறங்கினோம். ஜுஜுரானாவைக் காணவில்லை. அதிகாலையில் மோனாலின் சீழ்க்கை ஒலி ஒருமுறை கேட்டதாக வழிகாட்டி சொன்னார். எங்களுக்கு ஆற்றின் ஓசைதான் கேட்டது.

வரவு செலவும் சில குறிப்புகளும்

பயணத்தின் மொத்தச் செலவு இது: பெட்ரோல் 11,000 ரூபாய், தங்குமிடம் 21,000, உணவு 12,000, அனுமதிக் கட்டணம், வழிகாட்டி ஆகியவற்றுக்கு 7,000, புறப்படுமுன் வண்டிப் பழுதுபார்ப்பு 9,000, கூடாரம், உறக்கப்பை வாடகை 4,000, இழந்த முன்பணம் 5,000. ஆக 69,000 ரூபாய். முதிர்வுத் தொகையில் ஏறக்குறைய 8,000 ரூபாய் மீந்தது.

இவ்வழியில் செல்ல எண்ணும் தம்பதியர் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

இருவருக்கும் ஓட்டுநர் உரிமமும், மலைச்சாலையில் ஓட்டிய சிறிதளவு பழக்கமும் இருத்தல் வேண்டும். வங்கியில் இருவரில் எவரேனும் ஒருவர் இயக்கத்தக்க கூட்டுக் கணக்கைப் பரிந்துரைப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இதற்கும். அதுபோலவே அட்டை, காப்பீட்டு எண், நியமனதாரர் விவரம், மருத்துவக் குறிப்பு ஆகியவை இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் மட்டுமின்றி ஒரு தாளிலும் எழுதி வண்டியில் வையுங்கள்.

வாகனக் காப்பீடு மூன்றாம் நபர் பொறுப்புக்கு மட்டுமானதா, சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கியதா என்று படித்துப் பாருங்கள். மலையில் உருண்டு விழும் கல்லுக்கு மூன்றாம் நபர் காப்பீடு பயன்படாது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடு பெறலாம். இன்னும் சேராதவர்கள் தங்கள் கிளையிலேயே சேரலாம்.

இதயநோய், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரிடம் ஆலோசிப்பது கட்டாயம். உயர நோய்க்கான தடுப்பு மருந்தையும் அவர் பரிந்துரையின்றி உட்கொள்ளக்கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் கருவி காட்டும் எண்ணைவிட உடல் காட்டும் அறிகுறியே பெரிது. தலைவலி வந்தால் உடன் வருபவரிடம் சொல்லிவிடுவதென்று புறப்படும் முன்பே இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

திட்டத்தில் இரண்டு நாட்களையும், தொகையில் பத்தில் ஒரு பங்கையும் ஒதுக்கிவையுங்கள். மண்சரிவோ, உடல்நலக் குறைவோ, எதற்கேனும் அது தேவைப்படும். முன்பணம் செலுத்துமுன் அதைத் திரும்பப் பெறும் விதிகளைக் கேட்டறியுங்கள். நெகிழிக் கழிவு அனைத்தையும் ஒரு பையில் சேர்த்துக் கீழே கொண்டு வந்துவிடுங்கள். குளிர்ப் பாலைவனத்தில் எதுவும் எளிதில் மட்குவதில்லை.

சந்திரதால் எங்களுக்கு இன்னும் பாக்கி. மீந்த 8,000 ரூபாயைத் தனியே வைப்பில் இட்டிருக்கிறோம். சென்ற மாதம் என் கணவர் தம் பெயரில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கியிருக்கிறார். விண்ணப்பத்தை நிரப்பும்போது காலம் எத்தனை மாதங்கள் என்று கேட்டேன். முப்பத்தாறு என்றார், இம்முறை காசாவில் மூன்று இரவுகளும் கிப்பரில் இரண்டு இரவுகளும் தங்கியபின்தான் கணவாய் ஏறப் போகிறாராம்.